கையை எடுத்தாச்சா

இல்ல, ‘சரி’ன்னு நான் சொல்லல, ‘ஆமா’ன்னு சொல்லல, ‘எடுத்தாச்சு’ன்னு சத்தியமா சொல்லல, அந்தக் காயிதத்துல நீங்க எழுதிக் குடுத்த மூணு வரியில ஒரு வார்த்தையாவது என் வாயில இருந்து வந்ததா, நீங்களே சொல்லுங்கண்ணே, வாய் எனக்கு நீளம்தான், எங்க காலேஜ்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க, ஆனா பேசாத பேச்சைப் பேசினேன்னு இன்னைக்கு வரைக்கும் என்னை எவனும் சொன்னதில்ல, நீங்கதான் முதல் ஆளு, அதுவும் எழுத்துல, அதுவும் இங்கிலீஷ்ல, உங்களுக்கு இங்கிலீஷ் எப்பண்ணே வந்துச்சுன்னு பிரிஸ்கா கேட்டுக்கிட்டே இருந்தா. கேட்டது போன்லதான். தலையில மாட்டுன போனு, ரெண்டு காதுலயும் ரெண்டு கிண்ணம், நெஞ்சுல தொங்குற தகட்டுல வாய்க்குழல், அதுல ஒரு பட்டன். பட்டனை மட்டும் அவ அமுக்கல. அமுக்காம பேசினா அந்தப் பேச்சு எங்கயும் போகாது. அவ வாய்க்கும் அந்தக் குழலுக்கும் நடுவுலயே சுத்திச் சுத்தி வந்து செத்துப்போகும். அதனாலதான் இவ்வளவு தைரியமா பேசினா. அதனாலதான் இவ்வளவு பேசியும் ஆறல. கோவத்துலயும் பாருங்க, நீங்க, அண்ணே, ‘சொல்லுங்க’. ஒரு ‘நீ’ போட நாக்கு வரமாட்டேங்குது. எட்டு நாளா மனசுக்குள்ள கிழிகிழின்னு கிழிச்சாச்சு, அதுலகூட மரியாதை குறையல, நல்லா வளத்திருக்காங்க பிள்ளைய.

மணி ரெண்டேகால். கப்பலோட கடைக்கோடியில, சுக்கானைத் திருப்புற எந்திரம் இருக்குற அறையில அவ ஒருத்தியா உக்காந்திருந்தா. டில்லர் ரூம்னு சொல்லுவாங்க. சன்னல் கிடையாது. கூரை கையெட்டும் உயரத்துல. எண்ணெய் வாசனையும் பெயின்ட் வாசனையும் சேந்து தொண்டையில ஒரு கசப்பு. போர்க்கப்பல்னு சொன்னதும் ஊர்ல எல்லாரும் பீரங்கியத்தான் நினைச்சாங்க, அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய், எம் பொண்ணு சண்டைக் கப்பல்ல வேலை பாக்குறான்னு சொல்லி வச்சிருக்கா. பீரங்கியை இவ இன்னும் கிட்டப் போய்ப் பாத்ததில்ல. பாத்ததெல்லாம் வயரு, சாக்கெட்டு, காதுக் கிண்ணம். ரிப்பேருக்கு வந்து தண்ணியில்லாத தொட்டியில நிக்கிற கப்பல், அதுல பேச்சு வசதியைச் சரி பண்ற கான்ட்ராக்ட் கம்பெனி, அந்தக் கம்பெனியில ஆறு மாசம் ட்ரெய்னிங்குக்கு வந்த மூணாம் வருச டிப்ளமா பொண்ணு. அவ்வளவுதான் அவ. தெலுங்குக் கரையில, தெலுங்கும் ஹிந்தியும் பேசுற இருநூறு பேருக்கு நடுவுல, தமிழ் பேசுறது மொத்தம் ரெண்டு பேரு. ஒண்ணு இவ, தூத்துக்குடி. இன்னொண்ணு ஆறுமுகநயினார், நாங்குநேரிப் பக்கம். அவன் இந்தக் கம்பெனியில பன்னெண்டு வருசம். இப்ப அவன் இருக்குறது கப்பலோட மேல, முன்னால, சுக்கான் சக்கரம் இருக்குற பிரிட்ஜ்ல. அங்கேருந்து இங்க வர நாலு ஏணி எறங்கி, அஞ்சு இரும்புக் கதவு தாண்டி, குனிஞ்சு குனிஞ்சு நடக்கணும். நடுவுல இருக்குறது இந்தப் போனு ஒண்ணுதான்.

இந்தப் போனுக்குப் பேட்டரி கிடையாது. கரண்டும் கிடையாது. குண்டு விழுந்து கப்பல்ல எல்லா விளக்கும் அணைஞ்சாலும் இது மட்டும் வேலை செய்யணும்னு பண்ணி வச்சது. பேசுறவ மூச்சு ஒரு மெல்லிசான தகட்டை அசைக்குது, அந்த அசைவே கரண்டாகி வயர்ல ஓடி அந்தப் பக்கம் இன்னொரு தகட்டை அசைக்குது, அது ஒரு காதுல குரலாவுது. முதல் நாள் இதைப் புரிஞ்சுக்கிட்டப்ப அவளுக்குப் புல்லரிச்சிருச்சு. அப்படின்னா என் குரல்லதான் இது ஓடுதான்னு கேட்டா. ஆமா பிள்ள, நீ வாயை மூடுனா கரண்டு கட்டுன்னு நயினார் சொன்னான், உனக்குன்னே கண்டுபிடிச்சு வச்ச மாதிரி இருக்குன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு காதுக்குள்ள, ரெண்டு கிண்ணத்துலயும், மண்டைக்கு நடுவுல கேட்டுச்சு. வேற யாரு சிரிப்பும் அவளுக்கு அவ்வளவு கிட்டத்துல கேட்டதில்ல. நாலு மாசத்துல அவன் மூஞ்சியை அவ மொத்தமா ஒரு பத்துப் பன்னெண்டு தடவை நேர்ல பாத்திருப்பா, கேன்டீன்ல, கேட்ல. நேர்ல பாத்தா அவன் வேற ஆளு. குள்ளமா, முன்மண்டை வழுக்கையா, தோளைக் குறுக்கிக்கிட்டு நிப்பான், ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்டான். போன்ல வர்றவன்தான் நயினார் அண்ணன்.

காதுல கரகரன்னுச்சு. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை லைனைச் சோதிக்கணும், நேரம் ஆச்சு. பிரிட்ஜ்ல இருந்து டில்லரைக் கூப்பிட்டான். முதல்ல யாரைக் கூப்பிடுறோம், அப்புறம் நாம யாரு, அப்புறம் சேதி. கேக்குறவ அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். வாய்மொழி பிசகாம. அதுதான் இந்த லைன்ல சட்டம். கூப்பிட்டான், சத்தம் எப்படி இருக்குன்னு கேட்டான், அவ்வளவுதான், ஒரு மயிரிழை கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இவளும் பட்டனை அமுக்கி, பிரிட்ஜ், டில்லர், சத்தம் நல்லா இருக்குன்னு இங்கிலீஷ்ல சொல்லி, பட்டனை விட்டா. ரெண்டு பேரும் படிச்ச பிள்ளைங்க மாதிரி. எட்டு நாளைக்கு முன்னாடி இந்த ஒழுக்கம் எங்கண்ணே போச்சு, இந்த ‘டில்லர், பிரிட்ஜ்’ எல்லாம் அன்னைக்கு எங்க போச்சு, இதைத்தான நான் கேக்குறேன்னு அவ மறுபடி ஆரம்பிச்சா. பட்டன் அமுக்காம. காலுக்குக் கீழ இரும்புத் தகடு சுட்டுச்சு. வெளிய வெயில் தொட்டிச் சுவத்துல அடிச்சுக் கப்பலோட அடிவயித்துல ஏறிக்கிட்டு இருக்கும். எதுக்க அந்த எந்திரம். ரெண்டு பக்கமும் ரெண்டு பெரிய தண்டு, நடுவுல கை. பூட்டுப் போட்டு, சிவப்புச் சீட்டுக் கட்டித் தொங்க விட்டிருக்காங்க. தரையைக் கழுவிட்டாங்க. ரொம்ப நல்லாவே கழுவியிருக்காங்க, அந்த இடம் மட்டும் மத்த இடத்தைவிடப் பளபளன்னு இருக்கு, அதுதான் காட்டிக் குடுக்குது.

பாக்கக் கூடாதுன்னு நினைச்சா. பாத்தா. பாக்காம எங்க பாக்க, பத்தடிக்குப் பத்தடி அறையில. அன்னைக்கும் இதே முக்காலியில, இதே மாதிரி உக்காந்திருந்தா. எதுக்க அப்பாராவ். அம்பது வயசு ஃபிட்டரு, உள்ளூர்க்காரரு, மீசை நரைச்சது, கை ரெண்டும் எப்பவும் கிரீஸ். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குத் தெலுங்கு தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடுனதெல்லாம் ஜாடைதான். மத்தியானம் வெள்ளரிக்காய் நறுக்கி உப்புத் தொட்டுக் குடுப்பாரு. இவ போன்ல பேசுறதைப் பாத்து, அம்மாவான்னு கேப்பாரு, காதுல கைய வச்சுக் காட்டி. அந்த ஒரு சொல் ரெண்டு பாஷைக்கும் ஒண்ணு. இல்லன்னு சொல்ல இவளுக்குச் சோம்பலா இருக்கும், ஆமான்னு தலையாட்டிருவா. பாவி, அந்த மனுசன் நான் அம்மாகிட்டப் பேசுறேன்னு நம்பிக்கிட்டே, மூட்டுக்கு நடுவுல விரலை விட்டு கிரீஸ் அப்பிக்கிட்டு இருந்தாரு. பிரிட்ஜ்ல சக்கரத்தைத் திருப்பினா இங்க இந்தத் தண்டு நகரும். நகர்றதுக்கு முன்னாடி இங்க எல்லாரும் கையை எடுத்தாச்சான்னு கேக்கணும். அதுக்குத்தான் போனு. அதுக்குத்தான் அவ. அன்னைக்கு அவளுக்கு இருந்த வேலையே அது ஒண்ணுதான், கையைப் பாக்குறது, பாத்துட்டுச் சொல்றது. அதைக்கூட, அதைக்கூடப் பிரிஸ்கா, உன்னால.

சரி, நான் பாக்கல. ஒத்துக்கிடுதேன். அதுக்கு என்னை எத்தனை தடவை வேணா செருப்பால அடிங்க. ஆனா நான் ஏன் பாக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்ல. உங்களுக்கு மட்டும்தான தெரியும். நான் அப்ப எங்க இருந்தேன்? உடம்புதான் இங்க முக்காலியில. ஆளு நாங்குநேரி செக்போஸ்ட்ல நின்னேன், உங்க பைக்குக்குப் பக்கத்துல, மே மாச வெயில்ல. ரெயின்கோட்டு போட்ட ஆட்டை வேடிக்கை பாத்துக்கிட்டு. அந்தக் கதையை ஆரம்பிச்சது யாரு? நானா கேட்டேன்? ஆமா, கேட்டேன். நான்தான் கேட்டேன், அண்ணே போரடிக்கி, ஏதாச்சும் சொல்லுங்கன்னு. ஐயோ, அதையும் நான்தான் கேட்டேன். லைன்ல ஊர்க்கதை பேசக் கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். போனு இருக்குற மத்த அறைங்க, ஸ்டேஷன்னு சொல்லுவாங்க, அதுல அன்னைக்கு யாரும் இல்ல, சுக்கான் சோதனை, பிரிட்ஜும் டில்லரும் மட்டும்தான். சக்கரத்தைத் திருப்பச் சொல்லி மேல இருக்குற சார்மாரு சொல்ற வரைக்கும் காத்துக் கெடக்கணும், அரைமணி, முக்கால்மணி. அந்த நேரத்துல அவன் சொல்ற கதைங்கதான் இவளுக்கு நாலு மாசமா சோறும் தண்ணியும். ஹாஸ்டல்ல கூட இருக்குற பிள்ளைங்க மூணும் ஒடியா பேசுறவங்க, தங்களுக்குள்ள சிரிச்சுக்கும். வீட்டுக்குப் போன் போட்டா அம்மா, சாப்பிட்டியா, ஜெபம் பண்ணியா, அவ்வளவுதான், அந்தப் பக்கம் டிவி ஓடும். தமிழ்ல முழுசா ஒரு வாக்கியம் கேக்கணும்னா இந்த இரும்பு அறைக்குள்ள எறங்கி வந்து இந்தக் கிண்ணத்தைக் காதுல வச்சாத்தான் உண்டு. வேலைக்கு வர்ற சந்தோசம்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆர்வமான பொண்ணுன்னு கம்பெனி மேனேஜர் சுபோத் சார் ரிப்போர்ட்ல கூட எழுதினாரு. ஆர்வமும் இல்ல, மண்ணும் இல்ல. பேச்சுப் பசி.

ஆடு நயினாரோட மாமனார் வீட்டு ஆடு. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கொண்டு போகணும், பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டான். அவனும் மச்சானும் பைக்ல, நடுவுல ஆடு. அந்த வாரம் ஆடு திருடுறவங்களைப் பிடிக்க வழியில போலீஸ் நிக்குதுன்னு கேள்வி. இது எங்க ஆடுன்னா எவன் நம்புவான், ஆட்டுக்கென்ன ஆதார் கார்டா இருக்குன்னு நயினார் சொன்னான். அதனால ஆட்டுக்கு ரெயின்கோட்டைப் போட்டு, தொப்பியை இழுத்துவிட்டு, காய்ச்சக்காரன் மாதிரி நடுவுல உக்கார வச்சாச்சு. வெயில் மண்டையைப் பொளக்குது. வானத்துல ஒரு துண்டு மேகம் இல்ல. இவ குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா, அப்பாராவும் இவ சிரிக்கிறதைப் பாத்துச் சிரிச்சாரு. இப்ப நினைச்சாலும் ஒரு நொடி வாய்க்கடையில அந்தச் சிரிப்பு வருது. சிரிப்புக்கு என்ன தெரியும், விரல் போனது அதுக்குத் தெரியுமா. எஸ்ஐ கைகாட்டி நிறுத்துனாரான்னு நயினார் சொன்னான். இவ ம்-ன்னா. கிட்ட வந்தாரா. ம். நடுவுல யாருலேன்னாரா. ம். மச்சான் ஆட்டு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தானா. ம். கையை எடுத்தாச்சா. ம்.

இதுதான். இவ்வளவுதான் நடந்தது. இதுல எதுண்ணே கேள்வி? நம்ம ஊர்ல கதை சொல்றவங்க எல்லாரும் இப்படித்தான சொல்லுவாங்க, போனானா, பாத்தானா, குடுத்தானான்னு. அது கேள்வியா? யாராவது அதுக்குப் பதில் சொல்லுவாங்களா? கேட்டுக்கிட்டு இருக்கேன், மேல சொல்லுங்கன்னு ஒரு ம். ம் கொட்டலைன்னா கதை சொல்றவனுக்கு நாக்கு நகராது. ஒரு தடவை இவ தண்ணி குடிச்சதுல ஒரு ம் விட்டுப்போச்சு, உடனே நிறுத்திட்டான், ஏ பிள்ள இருக்கியா, தூங்கிட்டியான்னு. அதனால விடாமக் கொட்டினா. நிறுத்துனாரா, வந்தாராங்கிற அத்தனை ஆ-க்கு நடுவுல இன்னொரு ஆ-வை வச்சீங்களே. அதே குரல்ல, அதே ராகத்துல. டில்லர்னு கூப்பிடல. பிரிட்ஜ்னு சொல்லல. இங்கிலீஷ்லயும் கேக்கல. பக்கத்துல சார் வந்து சரி திருப்புன்னு சொல்லியிருப்பாரு, கதையும் விட மனசில்லாம, கேள்வியையும் அதுலயே செருகி ஓட்டிட்டீங்க. கையை எடுத்தாச்சா. யாரு கை? நான் மச்சான் கைன்னு நினைச்சேன். மச்சான் கையை எடுத்துட்டான், இப்ப ஆடு கத்தப் போவுதுன்னு நினைச்சேன். கண்ணு முன்னால அந்த ஆட்டோட வாய் திறக்குது. மேன்னு ஒரு சத்தம் வரப்போவுதுன்னு சிரிப்பை அடக்கிக்கிட்டு காத்துக்கிட்டு இருந்தேன். தண்டை நகத்துற பம்ப் உறுமுச்சு. சத்தம் வந்துச்சு. ஆடு கத்துன சத்தம் இல்ல அது.

அவ கிண்ணத்தை ரெண்டு கையாலயும் காதோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டா. அப்பத்தான் ஒரு நினைப்பு சுருக்குன்னு குத்துச்சு. இந்தக் கிண்ணத்துக்குள்ள இருக்குறதும் அதே தகடுதான். கேக்குறதுக்கு வச்சது, ஆனா அதுல ஓங்கிப் பேசினா அதுவும் கொஞ்சம் கரண்டு பண்ணும், கொஞ்சம் போகும். பட்டன் வாய்க்குழலைத்தான் அடைக்கும், காதை அடைக்காது. இதையும் அவன்தான் சொல்லிக் குடுத்தான். அப்படின்னா இவ்வளவு நேரம் நான் பொலம்புனதுல ஏதாவது, ஒரு முணுமுணுப்பாச்சும், அவன் காதுக்கு எட்டியிருக்குமா. பேச்சை நிறுத்தி, மூச்சையும் நிறுத்திக் கேட்டா. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. ஆளில்லாத லைன் மாதிரியும் இல்ல, ஒரு ஆளு பேசாம உக்காந்திருக்குற மாதிரி. துணி உரசுது. எங்கயோ ஒரு கதவு. அவனும் கிண்ணத்தைக் காதுல வச்சுக்கிட்டு இப்படியே சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கானா? எட்டியிருந்தா எட்டட்டும். எட்டலைன்னா? எட்டலைன்னா இன்னும் மோசம். கோவத்தைவிட அந்த வெறும் இரைச்சல்தான் அவளைக் கொன்னுச்சு. எட்டு நாளா அந்தக் குரல்ல ஊரு இல்ல. டில்லர், பிரிட்ஜ். டில்லர், பிரிட்ஜ். என் விரலை வெட்டியிருந்தாக்கூட இப்படி இருந்திருக்காதுன்னு நினைச்சா, நினைச்ச உடனே நாக்கைக் கடிச்சா. வெட்டுப்பட்ட மனுசன் ஆஸ்பத்திரியில கெடக்கான், உனக்கு இங்க கதை கேக்க ஆளில்லைன்னு ஒப்பாரி.

ஆஸ்பத்திரிக்குப் போனா. மூணாம் நாள். வலது கையில ரெண்டு விரலு, மேல் கணு வரைக்கும் இல்ல. துணி சுத்தி ஒரு பெரிய உருண்டையா வச்சிருந்தாங்க. அப்பாராவ் இவளைப் பாத்ததும் எழுந்திருக்கப் பாத்தாரு. “ஏமயிந்தம்மா?” அப்படின்னு கேட்டாரு. என்ன ஆச்சும்மா. திட்டல. நிசமாவே அவருக்குத் தெரியல, தெரிஞ்சுக்கணும்னு கேட்டாரு. இவ வாயைத் திறந்தா. பரீட்சைக்கு வந்த வெளிக்காலேஜ் வாத்தியாரு மைக்கைப் பத்தித் தப்பாச் சொன்னப்ப அவரு மூஞ்சிக்கு நேரா இருபது நிமிசம் வாதாடி, சர்க்யூட்டை வரைஞ்சு காட்டி, அவரை ஒத்துக்க வச்ச வாய். திறந்தது அப்படியே நின்னுச்சு. ஆட்டுக்குத் தெலுங்குல என்னன்னே தெரியல. தெரிஞ்சாத்தான் என்ன, எதைச் சொல்ல? ம்-னு சொன்னேன், அது ஆமா இல்ல, அது கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். இதை எந்தப் பாஷையில சொல்ல? பக்கத்துல அவரு பொண்டாட்டி. இவளை ஏற எறங்கப் பாத்துச்சு அந்த அம்மா, அப்புறம் கொண்டு போன வாழைப்பழத்தை வாங்கிச் சன்னல்ல வச்சுச்சு. தொடவே இல்ல அதுக்கப்புறம். அப்பாராவ் நல்ல கையால காதைத் தொட்டுக் காட்டி, அம்மா சௌக்கியமான்னு கேட்டாரு. அதுக்கு இவ தலையாட்டினா. அதைத்தான் இவளால மன்னிக்க முடியல. தன்னை.

விசாரணைன்னு வச்சாங்க. ஒரு மேசை, நாலு பேரு, சுபோத் சார். அதுலயும் இதேதான். அவன் கேட்டானா, கேட்டான். நீ பதில் சொன்னியா. ம்-னு சொன்னேன் சார். அப்படின்னா ஆமான்னுதான. இல்ல சார், எங்க ஊர்ல கதை கேக்குறப்பன்னு ஆரம்பிச்சா, கதையா, டூட்டியில என்ன கதை, யாரு சொன்ன கதைன்னு கேட்டாங்க. இவ நயினாரைப் பாத்தா. அவன் மேசை விளிம்பைப் பாத்துக்கிட்டு இருந்தான். கதை எதுவும் இல்லைன்னு ஹிந்தியில சொன்னான். கேட்டேன், பொண்ணு சரின்னுச்சு, திருப்பினேன். சரளமான ஹிந்தி, பன்னெண்டு வருசத்து ஹிந்தி. இவளுக்குப் பாதிதான் புரிஞ்சது, அந்தப் பாதி போதும். அதுக்கப்புறம் இவ என்ன இங்கிலீஷ்ல கத்தினாலும் அது குத்தம் பண்ணுன பொண்ணோட சாக்குப்போக்கு மாதிரியே அவ காதுக்கே கேட்டுச்சு. ஒரு எழுத்துக்கு நாலு பேருக்கு இலக்கணம் நடத்த முடியுமா? அவங்களுக்கு அது ஒரு எழுத்துன்னே தெரியாது, தொண்டையில ஏதோ அடைச்சிருக்குன்னு நினைப்பாங்க. இந்தக் கப்பல்லயே அந்த வித்தியாசம் தெரிஞ்ச இன்னொரு உசுரு அவன்தான். அவன் மேசையைப் பாத்துட்டான்.

நயினார் எழுதிக் குடுத்த காயிதம் மேல்சட்டைப் பையில இருந்துச்சு, நாலா மடிச்சு. தொட்டுப் பாக்காமலே அது அங்க இருக்குறது தெரிஞ்சது, ஒரு பல்லு வலி மாதிரி. ‘கைகள் அகற்றப்பட்டனவா என்று கேட்கப்பட்டது. ஆம் என்று பதிலளித்தேன்’ — இங்கிலீஷ்ல அதுதான் இருந்துச்சு. நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். சுபோத் சார் தனியாக் கூப்பிட்டு மெதுவாத்தான் பேசினாரு. நீ படிக்கிற பொண்ணு, உனக்கு ஒண்ணும் ஆகாது, சின்ன வயசு, அனுபவமில்லைன்னு எழுதி முடிச்சிருவோம், மிச்ச ரெண்டு மாசம் இல்லாமலே உன் சர்ட்டிபிகேட் வந்துரும், அடுத்த வாரம் ஊருக்குப் போ. லைன்ல கதை பேசினான்னு தெரிஞ்சா அவனை அன்னைக்கே தூக்கிருவாங்க, அவனுக்கு மூணு பிள்ளைங்க, யோசிச்சுக்கோ. யோசிச்சா. எட்டு நாளா அதைத்தான் யோசிக்கிறா. கையெழுத்துப் போட்டா எல்லாருக்கும் நல்லது. அப்பாராவுக்கு மட்டும், என்ன ஆச்சும்மான்னு கேட்டதுக்கு, அந்தப் பொண்ணு கையைப் பாத்துட்டு எடுத்தாச்சுன்னு பொய் சொல்லுச்சுன்னு பதில் போய்ச் சேரும். காலத்துக்கும். கிரீஸ் டப்பாவைத் திறக்குறப்ப எல்லாம், பொத்தான் போடுறப்ப எல்லாம். வெள்ளரிக்காய் நறுக்கி உப்புத் தொட்டுக் குடுத்தேனே, அந்தப் பொண்ணு தெரிஞ்சே பொய் சொன்னான்னு. நான் பாக்கல. பாக்காததும் பொய் சொன்னதும் ஒண்ணா? ஒண்ணுதானோ. விரலைக் கேட்டா ஒண்ணுன்னுதான் சொல்லும். இல்ல, ஒண்ணு இல்ல. ஒண்ணுன்னு ஆக்கத்தான அந்தக் காயிதம். அண்ணே, உங்க மூணு பிள்ளைங்க பேரும் எனக்குத் தெரியும். கடைக்குட்டி பல்லு விழுந்ததைக்கூட இந்த லைன்லதான சொன்னீங்க. எனக்குத் தெரியாதுன்னா நான் எப்பவோ கத்தியிருப்பேன். தெரிய வச்சதும் நீங்கதான், வாயைக் கட்டுனதும் அதுதான்.

மூணு மணிக்கு லைன் திடீர்னு அகலமாச்சு. அப்படித்தான் இருந்துச்சு அவளுக்கு. இவ்வளவு நேரம் ஒரு ஆளோட மூச்சு மட்டும் இருந்த இடத்துல கசகசன்னு எட்டு இடத்துல இருந்து ஆளுங்க கிண்ணம் மாட்டுற சத்தம். எஞ்சின் ரூம் இரைஞ்சுச்சு. யாரோ இருமினாங்க. கடைசிச் சோதனை. கப்பல்ல இந்த லைன் போற எல்லா அறையும் ஒரே நேரத்துல, ஒருத்தர் பேசுறது எல்லாருக்கும் கேக்கும், ஒளிக்க இடமில்லாத லைன். பிரிட்ஜ்ல கடற்படை ஆபீசரே வந்து நின்னு ஒவ்வொரு பேரா வாசிப்பாருன்னு சொல்லியிருந்தாங்க, நயினார் கூப்பிடுவான், அவரு பக்கத்துல இன்னொரு செட்டை மாட்டிக் கேப்பாரு, விசாரணையில உக்காந்த நாலு பேரும் கூட நிப்பாங்க. நயினார் கூப்பிட்டான். எஞ்சின் ரூம். நல்லாக் கேக்குது. முன்பக்க அறை. நல்லாக் கேக்குது. அவன் குரல் ஒவ்வொரு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமா வறண்டுக்கிட்டே வந்துச்சு. அது இவளுக்கு மட்டும்தான் தெரிஞ்சது, அந்தக் குரலை நாலு மாசம் குடிச்சவளுக்கு. ஜெனரேட்டர் ரூம். நல்லாக் கேக்குது. பின்பக்கம் வந்துக்கிட்டு இருந்துச்சு பட்டியல். சொல்ல வேண்டியது மூணு வார்த்தை. சொல்லிட்டுக் கிண்ணத்தைக் கழட்டி மாட்டிட்டு, ஏணி ஏறி, கையெழுத்துப் போட்டு, ரயில் ஏறலாம். அம்மா ஸ்டேஷனுக்கு வருவா. சண்டைக் கப்பல் எப்படிட்டி இருந்துச்சும்பா.

டில்லர்னு கூப்பிட்டான்.

அவ பட்டனை அமுக்கினா. பிரிட்ஜ், டில்லர், சத்தம் நல்லா இருக்குன்னு முறைப்படி இங்கிலீஷ்ல சொன்னா. பட்டனை விடல. சார், எல்லா ஸ்டேஷனும், தயவுபண்ணி ஒரு நிமிசம் லைன்ல இருங்க, வைக்காதீங்க, இது பதிமூணாம் தேதி நடந்ததைப் பத்தி, நான் என் மொழியில கேப்பேன், பிரிட்ஜ்ல இருக்குறவரு அதை உங்க மொழியில சொல்லுவாருன்னு, அதையும் தட்டுத் தடுமாறி இங்கிலீஷ்லயே சொன்னா. யாரோ ஹிந்தியில என்னமோ அதட்டினாங்க. பட்டனை அமுக்கியே வச்சிருந்தா. கட்டை விரல் வெளுத்துப்போச்சு.

“நயினார் அண்ணே, பிரிஸ்கா பேசுறேன். அன்னைக்கு நான் கையைப் பாக்கல. பாக்காம ம் கொட்டினேன். அது என் தப்பு, அதை என் பேர்ல எழுதட்டும், அதுக்குக் கையெழுத்துப் போடுறேன். கதை கேட்டதும் நான்தான், அதையும் எழுதட்டும். எடுத்தாச்சுன்னு நான் சொன்னதா இருக்குறதுல மட்டும் போடமாட்டேன். அப்பாராவ் என்ன ஆச்சுன்னு கேட்டாரு. எனக்குப் பதில் சொல்ல பாஷை இல்ல, உங்களுக்கு இருக்கு. இப்ப எட்டு ஸ்டேஷன் கேக்குது, ஆபீசர் உங்க பக்கத்துலயே நிக்கிறாரு. என்கிட்ட நீங்க என்ன கேட்டீங்க, எப்படிக் கேட்டீங்க, கேக்குறதுக்கு முன்னாடி என்ன சொல்லிக்கிட்டு இருந்தீங்க, அதை ஹிந்தியில, இவங்க அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி, நீங்களே சொல்லுங்க.”